அந்த நான்கு சொற்களை மாற்றுங்கள்

புயல் பாதுகாப்பு முகாம்களைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளே,

பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு நீங்கள் வெளியிட்டிருக்கும் முகாம் திட்ட வரைவை இரண்டு முறை படித்தேன். ஒருவருக்கு எத்தனை லிட்டர் குடிநீர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, ஜெனரேட்டருக்கான டீசலை எந்த உயரத்தில் வைப்பது என்பதுவரை யோசித்திருக்கிறீர்கள். கர்ப்பிணிகளுக்குத் தனி அறை இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் பட்டியல் முன்கூட்டியே எடுக்கப்படும் என்கிறீர்கள். இவ்வளவு கவனமாக எழுதிய வரைவில், புகைபிடிக்கத் தடை என்பதற்கும் மது அருந்தத் தடை என்பதற்கும் நடுவே நான்கு சொற்கள் செருகப்பட்டிருக்கின்றன. "வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதி இல்லை." காரணம் சொல்லவில்லை, மாற்று ஏற்பாடும் சொல்லவில்லை. ஏதோ பழைய சுற்றறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது போல இருக்கிறது.

அந்த நான்கு சொற்களை நான் ஏற்கெனவே ஒரு முறை, மழையில் நனைந்தபடி ஒரு முகாமின் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வந்த பெரும்புயல் அது. மாலையிலேயே ஒலிபெருக்கி வண்டி வந்து எல்லோரையும் கிளம்பச் சொல்லிவிட்டது. நானும் அம்மாவும் மணியும் கிளம்பினோம். அம்மாவுக்கு அப்போது 71 வயது. மணிக்கு ஒன்பது வயது, பின்னங்கால் ஒன்று சரியாக ஊன்றாது, அப்பா இறந்த வருஷம் தெருவிலிருந்து வந்து எங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்ட நாய். அறிவிப்பில் விலங்குகள் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. காற்று பலக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு கிலோமீட்டர் நடந்து முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் இருந்தவர் சின்னப் பையன்தான். கல்லூரி மாணவராக இருக்கலாம். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். "நாயை உள்ள விடக்கூடாதுன்னு எழுதியிருக்கு சார். வேணும்னா கேட்டுல கட்டிட்டு வாங்க" என்றார். திமிராகச் சொல்லவில்லை, அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. அம்மா கேட்டைப் பார்த்தார், மேலே ஆடிக்கொண்டிருந்த மரத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "நீ உள்ள போப்பா. நான் இவனோட வீட்டுக்குப் போறேன்" என்றார். கோபமோ அழுகையோ இல்லாமல், கடைக்குப் போய்வருகிறேன் என்பது போலச் சொன்னார். அவரைத் தனியாக அனுப்ப முடியுமா? மூவரும் திரும்பி நடந்தோம்.

அன்று இரவு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நள்ளிரவுக்குப் பிறகு சமையலறைக் கூரையின் தகடு பறந்தது. விடியற்காலையில் தண்ணீர் கட்டிலைத் தொட்டது. சாப்பாட்டு மேசையின் மேல் அம்மாவும், அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு மணியும் இருந்தார்கள். நான் நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் இன்னும் இரண்டு அடி ஏறியிருந்தால் இந்த மடலை எழுத ஆள் இருந்திருக்காது. ஏறவில்லை, அவ்வளவுதான். அதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

உண்மையில் நான் சொல்ல வேண்டிய கதை எங்களுடையது அல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் விதியை மதித்தவர். விலங்குகளுக்கு இடமில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, தன் நாயைக் கொல்லைப்புறத்தில் கட்டி, ஒரு சட்டி சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு, காலையில் வந்துவிடலாம் என்று முகாமுக்குப் போனார். தண்ணீர் வடியாததால் மூன்று நாள் கழித்துத்தான் அவரைத் திரும்ப விட்டார்கள். சங்கிலியின் நீளம் நான்கு அடி. சுவரில் இருந்த தண்ணீர்த் தடம் ஐந்து அடிக்கும் மேலே. அவிழ்த்து விட்டிருந்தாலாவது நீந்தியிருக்கும் என்று அவர் இன்றும் சொல்கிறார், யாரும் கேட்காமலேயே. அந்தக் கொல்லைப்புறக் கதவை அவர் அதற்குப் பிறகு திறந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை புயல் எச்சரிக்கை வந்தபோது, அம்மாவையும் மணியையும் உயரமான இடத்தில் இருந்த உறவினர் வீட்டுக்கு முதல் நாளே அனுப்பிவிட்டு, நானே ஒரு முகாமில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அங்கும் அதே விதிதான். விலங்குகள் வராமல் இருந்தனவா? துணிப்பையில் ஒரு பூனை வந்தது. சட்டைக்குள் ஒரு நாய்க்குட்டி வந்தது. சேலைத் துணி போர்த்திய கூடைக்குள் இரண்டு லவ் பேர்ட்ஸ் வந்தன. எனக்குத் தெரிந்தது இவ்வளவு. எனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனையோ. நள்ளிரவில் இடி இடித்தபோது பூனை பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, படுத்திருந்தவர்கள் மேல் தாவி ஓடியது. ஒரு சிறுமியின் கையில் நகம் ஆழமாகப் பட்டுவிட்டது. அந்தப் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று செவிலியர் அறை அறையாகக் கேட்டுப் பார்த்தார். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் மழையில் வெளியே அனுப்பிவிடுவார்களே! கடைசியில் பாதுகாப்புக்காக அந்தக் குழந்தைக்குத்தான் ஊசித் தொடர் முழுவதும் போட வேண்டியிருந்தது.

முகாமின் சுகாதாரத்துக்காகத்தான் இந்தத் தடை என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த இரண்டு புயல்களிலும் இந்தத் தடை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். பயந்தவர்களை வீட்டிலேயே இருக்க வைத்தது, சொன்னபடி கேட்டவரின் நாயைக் கொன்றது, துணிந்தவர்களைப் பூனையை ஒளித்துக் கொண்டுவர வைத்தது. கண்ணுக்குத் தெரிந்து, கூண்டில், தடுப்பூசி அட்டையோடு இருக்கும் பூனையால் வரும் ஆபத்து பெரிதா, துணிப்பையில் ஒளிந்திருக்கும் பூனையால் வரும் ஆபத்து பெரிதா?

எங்கள் தெருவில் மட்டும் நடக்கிற கதை இல்லை இது. 2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தபோது, அங்கும் பெரும்பாலான முகாம்களில் விலங்குகளுக்கு இடமில்லை. தஞ்சம் புகுந்திருந்த சூப்பர்டோம் அரங்கத்திலிருந்து மக்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவனின் கையிலிருந்து அவன் நாயைக் காவலர் பிடுங்கினார். "ஸ்னோபால், ஸ்னோபால்" என்று அந்தப் பையன் வாந்தி எடுக்கும்வரை அழுதான் என்று ஒரு செய்தி நிறுவனம் எழுதியது. அந்தச் செய்தி நாடு முழுவதையும் உலுக்கியது. அடுத்த ஆண்டு, பேரிடர் நிவாரணத்தை ஆராயும் அமெரிக்க அமைப்பான ஃபிரிட்ஸ் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், கத்ரீனாவின்போது வெளியேறாமல் இருந்தவர்களில் 44 சதவீதத்தினர், வளர்ப்பு விலங்குகளை விட்டுவர மனமில்லாததும் ஒரு காரணம் என்றார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர். வெளியேறாதவர்களைத் தேடி மீட்புப் படகுகளை அனுப்பிய அதிகாரிகளுக்கு இந்த எண்ணின் பொருள் நன்றாகப் புரிந்திருக்கும்.

2006 அக்டோபரில் அங்கே சட்டமே வந்துவிட்டது. பேரிடர்த் திட்டங்களுக்கு மத்திய அரசின் நிதி வேண்டும் என்றால், மாநிலங்களும் உள்ளாட்சிகளும் வளர்ப்பு விலங்குகளோடும் உதவி நாய்களோடும் வருபவர்களைத் தங்கள் திட்டத்தில் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். பெட்ஸ் சட்டம் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். எல்லா முகாமும் எல்லா விலங்கையும் ஏற்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. முன்கூட்டியே யோசித்து வையுங்கள் என்று மட்டும்தான் சொல்கிறது. நான் உங்களிடம் கேட்பதும் அதைத்தான்.

வெளியேறியவர்களும் வெளியே நிற்பதில்லை என்பது இன்னொரு பக்கம். 1996 மார்ச்சில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வேயாவேகா என்ற சிற்றூரில், எரிவாயு ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தது. ஊரையே காலி செய்தார்கள். சில மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று நம்பிப் பலர் நாய் பூனைகளை வீட்டிலேயே விட்டுவந்தார்கள். திரும்பிப் போக இரண்டு வாரத்துக்கும் மேல் ஆனது. இடையில் தடையை மீறி, வெடிக்கக்கூடிய டாங்கர்களின் பக்கமாகப் புகுந்து விலங்குகளை எடுக்கப் போனவர்கள் உண்டு. நான்காம் நாள், தேசியக் காவல் படையின் கவச வண்டிகளை வைத்து அதிகாரிகளே விலங்கு மீட்பு நடத்த வேண்டியதாயிற்று. கவச வண்டி! முதல் நாளே ஒரு கூண்டு கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். 1997 ஜனவரியில் கலிபோர்னியாவின் யூபா வட்டாரத்தில் வெள்ளம் வந்தபோது நடந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அனுமதிக்கு முன்பே ஆபத்துப் பகுதிக்குள் திரும்ப நுழைந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் தங்கள் விலங்குகளை மீட்கவே போனார்கள்.

ஜப்பானில் 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேற்றியபோதும் இதுவே நடந்தது. இரண்டு மூன்று நாள்தானே என்று கட்டிப்போட்டுவிட்டு வந்தார்கள். அதிலிருந்து பாடம் கற்று, 2013-இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆபத்து வரும்போது விலங்கையும் கூட்டிக்கொண்டே வெளியேறுங்கள் என்பதுதான் அதன் அடிப்படை. அங்கே இதில் ஒரு நுட்பமான வேறுபாடு பார்க்கிறார்கள். விலங்கோடு முகாமுக்கு வருவது ஒன்று, முகாமில் ஒரே அறையில் தங்குவது வேறு. முதலாவதை எல்லோருக்கும் உறுதி செய்துவிட்டு, இரண்டாவதை இடத்துக்கு ஏற்ப முடிவு செய்யலாம். உங்கள் வரைவில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டையுமே மறுத்திருக்கிறீர்கள்.

பணக்கார நாடுகளின் சௌகரியம் இது என்று யாராவது சொல்வார்கள் என்று தெரியும். வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பர் புயலில் மட்டும் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்த கடற்கரை அது. மாட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நிற்கும் விவசாயியின் நிலை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாடு போனால் பிழைப்பே போய்விடும். அதனால் கால்நடைகள் ஏறி நிற்க, 'கில்லா' என்று சொல்லப்படும் உயரமான மண்மேடுகளைக் கட்டினார்கள். பிறகு கட்டிய புயல் காப்பகங்கள் பலவற்றில் மாடுகளுக்கென்று சாய்தளமும் தனித் தளமும் வைத்தார்கள். மனிதன் வர வேண்டுமென்றால் அவன் விட்டுவர மறுப்பதற்கும் இடம் வேண்டும் என்பது அவர்களுக்குப் பணத்தால் வந்த ஞானம் இல்லை.

உங்கள் தயக்கங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. முகாமில் எனக்கு எதிரே நின்று, நாய் என்றாலே உடம்பு நடுங்குகிறது என்று ஒரு பெண் சொன்னார். சின்ன வயதில் கடிபட்டவர். ஆஸ்துமா உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள். பூனை முடி பட்டாலே மூச்சு இழுக்கும். இவர்களுக்கும் அந்த முகாம்தான் கதி. அதனால் எல்லோரையும் எல்லா விலங்கையும் ஒரே கூடத்தில் அடைத்து விடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். கேட்பது முட்டாள்தனம்.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. மனிதரும் விலங்கும் ஒரே அறையில் இருப்பது ஒன்று. ஒரே வளாகத்தில் வேறு அறையில் விலங்குகளை வைத்து, உரிமையாளர்களே போய்ப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. விலங்குகளை வேறொரு இடத்தில் தனிக் காப்பகத்தில் வைப்பது மூன்றாவது. முதலாவதில் ஒவ்வாமையும் பயமும் சிக்கல். மூன்றாவதில் யார் தீனி போடுவது, யார் கழுவுவது என்று நீங்கள் ஆள் தேட வேண்டும். அது மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நாயை ஒப்படைக்க என் அம்மா சம்மதித்திருக்க மாட்டார். நடுவில் உள்ளதுதான் நமக்குச் சரி. ஆள் செலவும் குறைவு, ஏனென்றால் வேலை முழுவதும் உரிமையாளருடையது. தீனி, தண்ணீர், கழிவு, கூண்டைத் துடைப்பது எல்லாம். முடியாத முதியவர்களுக்கு மட்டும் ஒரு தன்னார்வலர் போதும்.

இடம் இல்லை என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர அளவு நாய் எழுந்து நிற்க, திரும்ப, படுக்கச் சுமார் 90 செ.மீ.க்கு 60 செ.மீ. கூண்டு போதும். அரை சதுர மீட்டர் சொச்சம். நடப்பதற்கு வழிவிட்டு ஒரு கூண்டுக்கு ஒன்றரை சதுர மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டருக்கு 8 மீட்டர் உள்ள ஒரு வகுப்பறையில் 30 கூண்டு வைக்கலாம். பேரிடர் உதவியில் உலகம் முழுவதும் பின்பற்றப்படும் ஸ்ஃபியர் அளவுகோல் ஒரு மனிதருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கேட்கிறது. ஆக, ஒரு வகுப்பறையை விட்டுக்கொடுத்தால் நீங்கள் இழப்பது 13 பேருக்கான இடம். அந்த 30 விலங்குகளோடு வீட்டிலேயே இருந்துவிடக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் இது நஷ்டக் கணக்கா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் எந்த அறை என்பதில் ஒரு தவறு நடக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். "விலங்குகளைக் கீழ்த்தளத்தில் வைத்துக்கொள்ளலாம்" என்று யாராவது ஒருவர் கூட்டத்தில் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். கடல் நீர் முதலில் வருவது கீழ்த்தளத்துக்குத்தான். பூட்டிய கூண்டு, நாலு அடிச் சங்கிலியை விட மோசம். மனிதர்களை எந்த உயரத்தில் வைக்கிறீர்களோ அந்த உயரத்தில்தான் விலங்குகளும் இருக்க வேண்டும். மாடியில் ஒரு கோடியில் உள்ள அறை, முடிந்தால் தனி வழி, பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய், சமையல் நடக்கும் இடத்திலிருந்து தொலைவு. குழந்தைகள் விளையாட்டாகப் போய் விரலை நீட்டாதபடி வாசலில் ஒருவர்.

பூனைகளுக்கு வேறு அறை வேண்டும். சின்ன அறை போதும், ஆனால் நாயைப் பார்க்கவும் கேட்கவும் முடியாத இடமாக இருக்க வேண்டும். கூண்டின் மேல் ஒரு துணியைப் போர்த்தினால் பூனை பாதி அடங்கிவிடும். இதற்குச் செலவு ஒரு பழைய போர்வை. தரையில் தார்ப்பாய் விரித்தால் கழுவ எளிது. கழுவுவதற்கு ஃபினாயில் வகைகளைப் பூனை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அவை பூனைக்கு நஞ்சு. தண்ணீர் கலந்த பிளீச் நல்லது, நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமியையும் அது அழிக்கும். ஆனால் சிறுநீரைத் துடைத்தெடுத்த பிறகுதான் அதை ஊற்ற வேண்டும். நேரடியாக ஊற்றினால் நெடி வந்து மூச்சடைக்கும். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. அந்த இரவுக்குப் பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டது. உங்கள் திட்டக் குழுவில் பொறியாளர், மருத்துவர், காவல்துறை எல்லோரும் இருக்கிறார்கள். கால்நடை மருத்துவர் ஒருவர் கூட இல்லை.

புயல் நேரத்தில் நாயை வெளியே நடத்திக் கூட்டிப்போக முடியாது என்பதையும் யோசிக்க வேண்டும். நாய்கள் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கக் கூடாது என்று பழகியிருக்கும். மணி பதினாறு மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தான். மூடிய இடத்தில் மணல் பரப்பிய ஒரு தட்டு வைத்தால் போதும், ஒன்று போனால் மற்றவையும் மோப்பம் பிடித்துப் போய்விடும்.

பதிவு செய்யும் முறை எளிது. நாயின் கழுத்துப்பட்டையில் ஓர் எண், உரிமையாளரின் மணிக்கட்டில் அதே எண், இருவரையும் சேர்த்து வாசலில் ஒரு புகைப்படம். கைபேசி போதும். கத்ரீனாவுக்குப் பிறகு மீட்கப்பட்ட ஆயிரக்கணக்கான விலங்குகளில் பெரும்பாலானவை உரிமையாளரிடம் திரும்பிச் சேரவே இல்லை. எது யாருடையது என்று சொல்ல அடையாளம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். தடுப்பூசி அட்டை இல்லாமல் வருபவர்களை என்ன செய்வது? திருப்பி அனுப்பாதீர்கள். தனி மூலையில் கூண்டில் வையுங்கள், கையாளுவது உரிமையாளர் மட்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடிக்கும் நாய்க்கு வாய்ப்பூட்டு. பாம்பு வளர்ப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும், அங்கே நானும் உங்கள் பக்கம்தான்.

வழிகாட்டி நாய்களை இதோடு சேர்க்காதீர்கள். பார்வையற்ற ஒருவருக்கு அந்த நாய்தான் கண். அதைத் தனி அறையில் அடைப்பது அவருடைய கையிலிருந்து கோலைப் பிடுங்குவதற்குச் சமம். அது அவர் பக்கத்திலேயே, அவர் படுக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் வரைவில் உள்ள நான்கு சொற்கள் அதையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்துகின்றன. இதை நீங்கள் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

"மனுஷனுக்கே இடமில்லாதப்ப நாய்க்கா?" என்று இந்த மடலைப் படிப்பவர்கள் சிலர் கேட்பார்கள். என் உறவினர்களே கேட்டிருக்கிறார்கள். இதற்கு விலங்கு நேயம் பேசி நான் பதில் சொல்லப் போவதில்லை. அன்று வாசலில் திருப்பி அனுப்பப்பட்டது ஒரு நாய் மட்டும் இல்லை. மூட்டு வலியோடு இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்த 71 வயதுப் பெண்ணும்தான். அவருக்கென்று உள்ளே இடம் இருந்தது, பாய் இருந்தது, மருத்துவர் இருந்தார். தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். நாள் முழுவதும் அவர்கள் பேசுவது யாரோடு என்று கவனியுங்கள். அந்த ஒரே துணையை மழையில் விட்டுவிட்டு வா என்றால் வருவார்களா? வராதவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று உங்கள் அறிக்கை எழுதும்.

சரி, என் கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

முதலாவதாக, வரைவில் உள்ள அந்த வரியை நீக்கிவிட்டு, "வளர்ப்பு விலங்குகளோடு வருபவர்கள் ஏற்றுக்கொள்ளப்படுவார்கள், விலங்குகள் அவற்றுக்கென ஒதுக்கிய அறையில் தங்கும்" என்று எழுதுங்கள். வழிகாட்டி நாய்களுக்கு அதன் கீழே தனியாக ஒரு வரி. எல்லா முகாம்களிலும் உடனே முடியாது என்றால், நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒன்றிலாவது இந்த ஏற்பாடு இருக்க வேண்டும், எது என்பதை இப்போதே முடிவு செய்து பெயரோடு வெளியிட வேண்டும். புயல் சின்னம் உருவான பிறகு முடிவு செய்தால் அது வாசலில் நிற்கும் பையனின் முடிவாகிவிடும்.

திட்டக் குழுவில் ஒரு கால்நடை மருத்துவரைச் சேர்க்கக் கோருகிறேன். அறையைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் நேரில் வந்து பார்க்க வேண்டும், கீழ்த்தளமாக இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. மடக்கி வைக்கக்கூடிய கூண்டுகள், தார்ப்பாய், கழுத்துப்பட்டைகள், வாய்ப்பூட்டுகள் ஆகியவற்றைப் பாய், போர்வை வைத்திருக்கும் அதே கிடங்கில் வாங்கி வைக்க நிதி ஒதுக்குங்கள். புயல் பருவம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நாள் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்தி, போட்டதற்கான அட்டையைக் கையில் கொடுங்கள். அதே நாளில் எந்த வீட்டில் எத்தனை விலங்கு என்ற கணக்கும் உங்களுக்குக் கிடைத்துவிடும், வேறு கணக்கெடுப்பே தேவையில்லை.

பேருந்துகளை மறந்துவிடாதீர்கள். முகாம் ஏற்றுக்கொண்டாலும், அங்கே கூட்டிப்போகும் வண்டியின் ஓட்டுநர் மறுத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். வெளியேற்றப் பணிக்கு அனுப்பும் ஒவ்வொரு வண்டிக்கும் இந்த விதி எழுத்தில் போக வேண்டும்.

ஒலிபெருக்கி அறிவிப்பிலும் ஒரு வாக்கியம் சேருங்கள்: "நாய், பூனை, பறவைகளை வீட்டில் கட்டிவைத்துவிட்டு வராதீர்கள், உங்களோடு கூட்டி வாருங்கள், இந்த முகாமில் இடம் இருக்கிறது." இதைச் சொல்லப் பத்து விநாடி ஆகும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பத்து விநாடி கிடைக்கவில்லை.

கருத்துக் கேட்கும் காலம் முடிவதற்குள் இந்த மடலுக்கு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். ஏற்கிறீர்கள் என்றால் எந்தத் தேதிக்குள் என்று சொல்லுங்கள். மறுக்கிறீர்கள் என்றால் காரணத்தை எழுதுங்கள், வரைவில் இல்லாத அந்தக் காரணத்தை. மாற்றிய விதியை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒவ்வொரு முகாமின் வாசலில் நிற்பவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். போன முறை அந்தப் பையனிடம் பழைய விதி எழுதிய தாளைத் தவிர வேறு தாள் இருக்கவில்லை.

இப்படிக்கு,
வாசலில் இருந்து திரும்பி நடந்த மூவரில் ஒருவன்